கடைசிப் பாடத்துக்கு மொதத் தண்ணி

அம்மிணி,

ஊட்டுல உன்னைய யாரும் வேற பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல. பள்ளிக்கொடத்துப் பதிவுல ஒரு பேரு இருந்துது, அது மாஷுமாரு ஆஜர் எடுக்கறதுக்கு. நானும் அம்மிணின்னே எழுதறேன். நீ படிச்சுப் படிச்சே செத்துப்போயிட்டேன்னு ஊருக்குள்ள பேசிக்கறாங்க. அம்மாவும் அதத்தான் சொல்லுது. நீ எப்படிப் படிச்சேன்னு பக்கத்துல இருந்து பாத்தவன் நான் ஒருத்தன்தான். அதனால எழுத ஒக்காந்திருக்கறேன். சிரிக்காதே.

இனி மத்தவங்களுக்குச் சொல்றேனுங்க.

நல்லேப்பிள்ளிப் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கரா நெல் வயல். நான் அஞ்சாவது வரைக்கும் படிச்சுட்டு மாட்டுக்குப் பின்னால போனவன். எனக்கு ரெண்டு தங்கச்சிங்க. பெரியவதான் அம்மிணி. காலேஜுல பொருளாதாரம் படிச்சுட்டு இருந்தா. கடைசி வருசம். போன அய்ப்பசியில தவறிட்டா. சின்னவ இந்த வருசம் பத்தாவது பாஸாயிட்டா. காலேஜுல ரெண்டு வருசப் பிரிடிகிரி சேரோணும்னு விண்ணப்பப் பாரம் வாங்கி வெச்சிருக்கறா. வர்ற திங்கக்கெழமைக்குள்ள குடுக்கோணும். அம்மா முடியாதுங்குது. "ஒருத்தியக் குடுத்தது போதும். படிப்புச் சூடு இன்னொருத்தி மண்டைக்கு ஏற வேண்டாம்" அப்படீங்குது. எங்க அய்யன், அதான் எங்க அப்பா, இதுல வாயே தொறக்கறதில்ல. அம்மா சரின்னா கையெழுத்துப் போடறேங்கறாரு, அம்மா வேண்டாம்னா பேனா எங்கேன்னு தெரியலைங்கறாரு.

இதுக்கு நடுவுல வாசகசாலையில கையெழுத்துப் பத்திரிகை நடத்தறவங்க ரெண்டு பேரு வந்தாங்க. உன்ற தங்கச்சி யூனிவர்சிட்டிப் பரீச்சையில எப்படி நல்ல மார்க்கு வாங்குனாள்னு எழுதிக் குடு, நம்ம புள்ளைகளுக்கு ஒதவும்னாங்க.

"நான் எழுதுனா நெறையாத் தப்பு வருமுங்க."

"தப்ப நாங்க திருத்திக்கறோம்."

"அப்ப மொத்தமும் நீங்களேதான் எழுதோணும்."

பரவால்லைன்னு நோட்டு ஒண்ணு குடுத்துட்டுப் போயிட்டாங்க. அந்த நோட்டுலதான் இது.

மொதல்ல ஒண்ணச் சொல்லிப்போடறேன். அவ ராத்திரி கண்ணு முழிச்சுப் படிச்சது ஒரே ஒரு வருசம். அந்த வருசம் ஃபெயிலு.

பிரிடிகிரி மொத வருசம் அது. கூடப் படிக்கற புள்ளைக சொன்னாங்கன்னு, தூக்கம் வராம இருக்க பக்கெட்டுத் தண்ணியில கால வெச்சுட்டு லாந்தர் வெளிச்சத்துல ஒக்காந்திருப்பா. மனப்பாடம் பண்ணுவா. புஸ்தகத்துல கமா எங்க இருக்குதுன்னுகூடச் சொல்லுவா. அது எதுக்கு இருக்குதுன்னு கேட்டா முழிப்பா. பரீச்சையில இங்கிலீசும் போச்சு, இன்னொண்ணும் போச்சு. கால்ல சேத்துப்புண்ணு வந்ததுதான் மிச்சம்.

அய்யன் ஒண்ணுதான் சொன்னாரு. "இன்னொரு தடவ எழுதிப் பாரு. அதுலயும் போச்சுன்னா நாத்து நடப் போலாம். நாத்து யாரையும் ஃபெயிலாக்காது."

அப்பறம் ஒரு நாளு எனக்குச் சோறு கொண்டுட்டு வயலுக்கு வந்தா. எங்களுக்கு மொறத்தண்ணி அன்னைக்கு. வெளியூருக்காரங்களுக்குத் தெரியாது, சொல்லிடறேன். ஆழியாத்துத் தண்ணி வாய்க்கால்ல வரும். ஒவ்வொருத்தருக்கும் இத்தன மணி நேரம்னு மொற. மொற முடிஞ்சா அடைச்சு அடுத்தவங்களுக்கு விட்டுரோணும். நான் என்ற மொறையில கடைசி வயலுக்குத்தான் மொதல்ல விடுவேன். எங்க பக்கம் எல்லாருமே அப்படித்தான். வரப்புல ஒக்காந்து பாத்துட்டே இருந்தவ கேட்டா.

"ஏண்ணா, மொத வயல் காலடியிலயே இருக்குது. அத உட்டுப்போட்டு எதுக்கு அவ்வளவு தொலைவு கொண்டுபோறே?"

"பக்கத்துல இருக்கறதுக்கு எப்ப வேணா விட்டுக்கலாம். மொதல்லயே இதுக்கு விட்டா, இதே குடிச்சுட்டு இருக்கும். கடைசிக்குப் போறதுக்குள்ள மொற முடிஞ்சுரும். அதுவுமில்லாம, தண்ணி போற வழியில இதுவும் கொஞ்சம் நனைஞ்சுக்கும்."

வாய்க்கால்ல தண்ணி போறதப் பாத்தா. அப்பறம் சொன்னா, "காலேஜுல எல்லாரும் மொதப் பாடத்தையே ஏழு தடவ படிக்கறோம்ணா. கடைசிப் பாடத்துக்குத் தண்ணியே போறதில்ல."

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? மம்பட்டி வேணுமா?"

வேண்டாம்னுட்டு தூக்குப்போசிய எடுத்துட்டுப் போயிட்டா. அன்னைக்கு இருந்து கடைசிப் பாடத்துல இருந்துதான் படிச்சா. படிக்கறப்ப, முன்னாடிப் பாடத்துல வந்த ஏதாச்சும் ஒண்ணு தெரியலைன்னா, திரும்பிப் போயி அத மட்டும் பாத்துட்டு வருவா. அப்படியே முன்னாடிப் பாடமும் நனைஞ்சிரும். மாஷுமாரு மொதல்ல இருந்து வருவாங்க, இவ கடைசியில இருந்து வருவா, ரெண்டு பேரும் மாசியில எங்கியோ நடுவுல சந்திச்சுக்குவாங்க.

அடுத்தது அவ நோட்டு. காலேஜுல புஸ்தகம் இங்கிலீசு. மாஷ் வெளக்கறது மலையாளம். இவ பத்தாவது வரைக்கும் படிச்சது தமிழு. கேக்கற வேகத்துக்கு மூணையும் எழுத முடியாது. அதனால காதுல என்ன உழுகுதோ அத அப்படியே தமிழ் எழுத்துல எழுதிக்குவா. பக்கத்துல இருக்கற புள்ள எட்டிப் பாத்துட்டு, "இதென்னடி, மந்திரமா?"ன்னு கேட்டாளாம். ஊட்டுக்கு வந்ததும், மொகங்கழுவி காப்பி குடிச்சுட்டு, இருட்டறதுக்கு முன்னால அத எடுத்து வெச்சு, எது என்னன்னு பிரிச்சு நல்ல தமிழ்ல ஒண்ணு, பரீச்சைக்கு இங்கிலீசுல ஒண்ணு எழுதிருவா. ஒரு மணி நேரம் ஆகும். ஒரு நாளும் தள்ளி வெச்சதில்ல. ஒறம்பரை, விருந்தாளின்னு யாரு வந்திருந்தாலும் எழுதுவா. "நாளைக்குன்னு வெச்சா இது நெசமாவே மந்திரமாயிரும்ணா" அப்படீம்பா.

பஸ்ஸுல வர்றப்ப கண்ண மூடிக்குவா. அன்னைக்கு நடத்துன பாடத்த ஒண்ணொண்ணா வாய்க்குள்ளயே சொல்லிப் பாத்துக்குவா. இது தப்பாப் போச்சு. கண்டக்டரு ஒரு நாளு என்னையக் கூப்பிட்டு, "ஏனுங்க, உங்க தங்கச்சிக்கு மேலுக்கு முடியலீங்களா? தானாப் பேசிட்டு வருதுங்க"ன்னாரு. அவரு என்கிட்ட மட்டுமா சொன்னாரு? ரெண்டு நாள்ல அம்மா காதுக்குப் போயிருச்சு. அந்த வெள்ளிக்கெழமையே கோயிலுக்குக் கூட்டிட்டுப் போச்சு. பூசாரி இவளையப் பாத்து, "என்ன தாயி முணுமுணுக்கறே?"ன்னு கேட்டாரு. இவ மரியாதையா, "தேவையும் அளிப்புமுங்க"ன்னா. அவரு கொஞ்ச நேரம் யோசிச்சாரு. "ரெண்டு பேரா?"ன்னு அம்மாளக் கேட்டாரு. அப்பறம் ரெண்டு கயிறு மந்திரிச்சுக் கட்டி உட்டாரு.

அந்தக் கயிறு கையில இருந்த வரைக்கும் பஸ்ஸுல அவ வாயத் தொறக்கல. அதுக்குப் பதுலா என்கிட்டச் சொல்ல ஆரம்பிச்சுட்டா. நான் வரப்புப் புல்லு அறுத்துட்டு இருப்பேன், அவ பக்கத்துல ஒக்காந்து சொல்லுவா. ஏன், எதுக்குன்னு நான் கேக்கோணும். அதான் என்ற வேலை. மூணு தடவ கேட்டும் அவளால எனக்கு வெளங்க வெக்க முடியலைன்னா, அது அவளுக்கே தெரியலைன்னு அர்த்தம். அந்தப் பக்கத்துல ஒரு வைக்கலப் புடுங்கிச் சொருகி வெச்சுக்குவா. மறுநா காலேஜுல போயி மாஷக் கேட்டுட்டு வந்து வைக்கல எடுத்துருவா.

ஒரு நாளு, ஒரே நெலத்துல செலவ ஏத்திட்டே போனா வெளச்சல் அதே அளவுக்கு ஏறாது, கொஞ்சம் கொஞ்சமாக் கொறையும், அதுக்கு ஒரு விதி இருக்குதுன்னா.

"ஒரு மூட்ட யூரியா போடற எடத்துல அஞ்சு மூட்ட போட்டா பயிரு கருகிப் போகும். இதுக்கு ஒரு விதியா?"

"ஆமாண்ணா. இது பெரிய விதி."

"இதக் கண்டுபுடிச்ச ஆளு எத்தன ஏக்கரா வெச்சிருந்தாரு?"

"அவரு வெள்ளக்காரரு."

"அப்ப ஆளு வெச்சுத்தான் பண்ணியிருப்பாரு. சொந்தமாப் பண்ணுனவனுக்கு மொத வருசமே தெரிஞ்சிருக்கும்."

அந்தப் பக்கத்துக்கு வைக்கல் தேவப்படல.

லைப்ரரிப் புஸ்தகத்துலயும் இப்படிச் சொருகி வெச்சு, எடுக்க மறந்து திருப்பிக் குடுத்துட்டா ஒருக்கா. லைப்ரரிக்காரரு பொரட்டிப் பாத்துட்டு, "இது புஸ்தகமோ வைக்கப்போரோ, குட்டீ?"ன்னு எல்லாரு முன்னாலயும் கேட்டாராம். ஊட்டுக்கு வந்து அழுதா. அரமணி நேரம் அழுதுட்டு நோட்டு எழுத ஒக்காந்துட்டா. அடுத்த வாரத்துல இருந்து, அந்தப் புஸ்தகம் வேணும்னு கேட்டா அவரே, "நான் குடுக்கறப்ப பதினாறு வைக்கல் இருந்துது, எண்ணி வெச்சிருக்கறேன்"ன்னு சொல்லித் தருவாராம்.

பரீச்ச எழுதிப் பழகறதுக்கு ஊட்டுல கடியாரம் இல்ல. அய்யன் கட்டியிருந்த வாட்சு ஓடாது, கலியாணத்துக்குப் போறப்பக் கட்டிக்கறதுதான். அதனால ஞாயித்துக்கெழம காலையில எங்க ரோட்டுல பத்து மணி பஸ்ஸு போனா எழுத ஆரம்பிப்பா, ஒரு மணி பஸ்ஸு வந்தா நிறுத்திருவா. சரியா மூணு மணி நேரம். பழைய கேள்வித்தாள மேல்வகுப்புப் புள்ளைக கிட்ட வாங்கி வெச்சிருந்தா. நடுவுல யாரு கூப்பிட்டாலும் எந்திரிக்க மாட்டா. ஒரு ஞாயித்துக்கெழம பஸ்ஸு வழியில கெட்டுப்போயி மூணு மணிக்குத்தான் வந்துது. அன்னைக்கு முப்பத்தஞ்சு பக்கம் எழுதியிருந்தா. அய்யன் பாத்துட்டு, "யூனிவர்சிட்டிப் பரீச்சைக்கும் இந்த பஸ்ஸையே வரச் சொல்லலாமா?"ன்னாரு. அவரு அவகிட்டச் சிரிச்சுப் பேசுனது அன்னைக்குத்தான் நான் பாத்தேன்.

தூக்கத்தப் பத்தி எழுதோணும். இதான் முக்கியம். ஃபெயிலான வருசத்துக்கப்பறம் அவ எட்டரைக்கு மேல முழிச்சிருந்ததே இல்ல. கோழி அடையறதுக்கும் அவ அடையறதுக்கும் ரொம்ப வித்தியாசமிருக்காது. பரீச்சைக்கு மொத நாளும் அப்படித்தான். அம்மாவே திட்டும், "பரீச்சைக்குப் படிக்கற புள்ளையாட்டவா தூங்கறே, வெக்கமா இல்ல?"ன்னு. காலையிலயும் நாலு மணிக்கு எந்திரிக்கறதெல்லாம் கெடயாது. மூணு வேளையும் சாப்புடுவா. எனக்கு எடுத்து வெச்சதையும் சாப்புடுவா. இப்படிப் படிச்சு, ஃபெயிலான ரெண்டு பேப்பரையும் எழுதி எடுத்தா, பிரிடிகிரி முடிச்சா, டிகிரி ரெண்டாம் வருசத்துல அவ வகுப்புலயே அவதான் மொதல்ல வந்தா. உடம்பு போற மாதிரிப் படிக்கவே இல்லீங்க. நான் படிச்சிருந்தா அதவிட மோசமாத் தூங்கியிருப்பேன்.

இத அம்மாகிட்டச் சொல்லிப் பாத்தேன். "எனக்கு லாந்தரு எரிஞ்சதுதான் கண்ணுல நிக்குது" அப்படீங்குது. நாலு வருசத்துக்கு முந்தி எரிஞ்ச லாந்தரு.

அய்ப்பசியில அவளுக்குக் காச்சலு. சோறு எறங்கல. வயலுக்கு வந்தவ, பாதியில பாடத்த நிறுத்திட்டு வரப்புலயே படுத்துட்டா. மூணாம் நாளு கண்ணு மஞ்சளாயிருச்சு. கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தோம். பத்தியம் வெச்சோம். கேக்கல, ஆசுபத்திரியில சேத்தோம். பதினோரு நாளு. அவ்வளவுதான். அதப்பத்தி எழுத எனக்கு வரல.

ஆனா ஆசுபத்திரியில சேத்த ரெண்டாம் நாளு டாக்டரு வராந்தாவுல வெச்சு என்கிட்டக் கேட்டாரு, "எந்தத் தண்ணி குடிக்கறீங்க?"ன்னு. எங்க கெணத்துத் தண்ணிதானுங்கன்னேன். காச்சுவீங்களான்னாரு. இல்லீங்கன்னேன். மழைக்குக் கெணத்துத் தண்ணி கலங்கி இருந்துதான்னாரு. இருந்துது. "தண்ணியில வந்ததுப்பா இது"ன்னாரு. நான், காலேஜுல படிக்கறா, படிப்புச் சூடுன்னு சொல்றாங்களேன்னேன். "படிப்புக்கும் இதுக்கும் ஒரு சம்மந்தமும் இல்ல"ன்னுட்டுப் போயிட்டாரு.

அம்மா உள்ள இருந்துது. கேக்கல. நானும் சொல்லல. தெனமும் காலையில அம்மாதான் கெணத்துல எறைச்சு, வடிகட்டி, ஒரு பாட்டல்ல நெறச்சு அவ பையில வெச்சு உடும். "கண்ட எடத்துத் தண்ணியக் குடிக்காதே, ஊட்டுத் தண்ணியக் குடி"ன்னு வாசல் வரைக்கும் சொல்லிட்டே வரும். அவளும் ஒழுங்காக் குடிச்சுட்டுக் காலிப் பாட்டலோட வருவா. அதே தண்ணியத்தான் நானும் குடிச்சேன், சின்னவளும் குடிச்சா. எனக்கு ஒரு சளிகூடப் புடிக்கல.

பஞ்சாயத்துல சொன்னாங்கன்னு ஒரு பொய்யச் சொல்லிட்டு, நான் மாசாமாசம் கெணத்துல கிருமி சாகற வெள்ளப் பொடி வாங்கிப் போட்டுட்டு இருந்தேன். ஏழு மாசமா இதான் நான் பண்ணுனது. படிப்புத்தான் கொன்னுதுன்னு நெனச்சா அம்மா எப்படியாச்சும் பொழச்சுக்கும்னு நெனச்சேன். அப்ப சின்னவ பாரத்தப் பத்தி யாரும் நெனைக்கல.

வெள்ளிக்கெழம சின்னவ வந்தா.

"ண்ணா, திங்கக்கெழம."

"தெரியும்."

"தெரிஞ்சு என்ன பண்றே?"

"எழுதிட்டிருக்கறேன்."

"பாரத்த எழுதுனாப் போதுமே, நீ எதுக்குக் கதை எழுதறே?"

சனிக்கெழம மத்தியானம் அம்மா மொச்சை உரிச்சுட்டு இருந்துது. எதுத்தாப்புல ஒக்காந்து இந்த நோட்ட மொதல்ல இருந்து வாசிச்சேன். எழுதறது எனக்கு எப்படியோ அதே மாதிரிதான் வாசிக்கறதும், ரொம்ப நேரமாச்சு. பூசாரி வந்த எடத்துல, "அந்தாளுக்கு ஒரு தேங்காயும் குடுத்தேன்"னுது. தூங்குனத வாசிச்சப்ப மொச்சைய உரிச்சுட்டே இருந்துது. டாக்டரு வந்த எடம் வந்துது. அத உட்டுப்போட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிரலாம்னுதான் நெனச்சேன். போகல. வாசிச்சுட்டேன்.

அம்மா கையில இருந்த மொச்சைய உரிச்சு முடிச்சுது.

"நெசமா அந்த டாக்டரு சொன்னாரா?"

"சொன்னாரும்மா."

"எப்ப?"

"ரெண்டாம் நாளு."

"உங்க அய்யனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"பஞ்சாயத்துல பொடி போடச் சொன்னாங்கன்னே?"

"பொய்யி."

"ம்" அப்படீன்னுட்டு இன்னும் நாலஞ்சு காய உரிச்சுது. அப்பறம் எந்திரிச்சு நேரா கெணத்தடிக்குப் போச்சு. போயி, செவுத்தப் புடிச்சுட்டு உள்ள குனிஞ்சு பாத்துட்டு நின்னுது. நான் பின்னாலயே போயி பத்தடி தள்ளி நின்னேன். திரும்பிப் பாக்காமயே சொல்லுச்சு:

"என்னடா நின்னுட்டிருக்கறே? குதிக்கவா போறேன்? போயி மாட்டப் புடிச்சுக் கட்டு."

கட்டுனேன். ஞாயித்துக்கெழம முச்சூடும் யாருகிட்டயும் ஒரு வார்த்த பேசல. சமைச்சு வெச்சுது, சாப்புடல. சின்னவ என்னையவே மொறச்சுப் பாத்துட்டு இருந்தா. பாரத்தக் கேக்கப் போனா அண்ணன் அம்மாளையும் படுக்க வெச்சுட்டான்னு அவளுக்குக் கோவம். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு.

திங்கக்கெழம காலையில எந்திரிச்சு வந்தேன். அடுப்புல பெரிய பானை. அரிசி போடல, வெறுந்தண்ணி கொதிச்சுட்டு இருந்துது. அம்மா முன்னாலயே ஒக்காந்திருந்துது.

"எவ்வளவு நேரம் கொதிக்கோணும்னு அந்த டாக்டரு சொன்னாரா?"

"சொல்லலம்மா."

"அதையும் கேட்டிருக்கோணும் நீ."

சரின்னேன். கொதிச்சு எறக்கி, ஆற வெச்சு, தொட்டுத் தொட்டுப் பாத்து, புதுசா ஒரு பாட்டல்ல ஊத்தி, சின்னவ கையில குடுத்துது. "பாரத்தக் குடுத்துட்டு நேரா ஊட்டுக்கு வா"ன்னுது. வாசல் வரைக்கும் போகல, அடுப்படியிலயே நின்னுக்குச்சு. அய்யன் கையெழுத்துப் போட்டாரு. பேனா அவரு சட்டைப் பையிலயேதான் இருந்துது.

சின்னவ போயிட்டா. அம்மா அடுத்த பானைய வெச்சிருக்குது. இன்னும் என்கிட்ட ஒழுங்காப் பேசல. பேசும்.

இத வாசிக்கற பெரியவங்க, புள்ளைக எல்லாருக்கும் ஒண்ணே ஒண்ணு கேக்கறேனுங்க. வெளக்கு வெக்கறப்பயோ கோயிலுக்குப் போறப்பயோ, என்ற தங்கச்சி போன எடத்துல நல்லா இருக்கோணும்னு சாமிகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. கூடவே எங்கம்மாளுக்கும் சேத்திக் கும்புட்டுக்கங்க.